சாதாரண சைனஸ் தலைவலியா... நெற்றி எலும்பை அரிக்கும் பூஞ்சையா? எப்போது உஷாராகணும்? – முழு விளக்கம்

"தலை வலிக்குது, மூக்கு அடைச்சிருக்கு, நெற்றி கனமா இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே வரும் பதில் என்ன? "சைனஸா இருக்கும், ஆவி புடி." பெரும்பாலான நேரங்களில் அது சரியாகத்தான் இருக்கும். சில நாட்களில் சளி வடியும், வலி போகும்.

ஆனால் அரிதாகச் சிலருக்கு இதே அறிகுறிகளுக்குப் பின்னால் ஒரு பூஞ்சைத் தொற்று ஒளிந்திருக்கும். அது மூக்கில் தொடங்கி, நெற்றிக்குள் இருக்கும் காற்றறைக்கு ஏறி, அங்கிருந்து மண்டை ஓட்டு எலும்புக்குள் இறங்கிவிடும். எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை இருக்கிறது. அதனால்தான் இந்த நோயில் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

பயப்பட வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நோய் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் அது பார்ப்பதற்கு ரொம்ப சாதாரணமாக இருக்கும் என்பதுதான் சிக்கல். எது சாதாரணம், எது இல்லை என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சைனஸ்னா என்ன?

சைனஸ் என்பது நோயின் பெயர் அல்ல. முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். நம் எல்லோருக்கும் நான்கு ஜோடி சைனஸ்கள் உண்டு. கன்னத்தில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவில் ஒரு ஜோடி, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒரு ஜோடி, புருவத்துக்கு மேலே நெற்றியில் ஒரு ஜோடி. இந்த அறைகளில் அழற்சி வந்தால் அதுதான் சைனசைட்டிஸ். நாம் சுருக்கமாக "எனக்கு சைனஸ் இருக்கு" என்கிறோம்.

இதில் நெற்றி சைனஸ் கொஞ்சம் வித்தியாசமானது. பிறக்கும்போது அது இருக்காது. ஆறு, ஏழு வயதுக்கு மேல்தான் ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர ஆரம்பிக்கும். டீன் ஏஜ் முடியும்போதுதான் முழு அளவுக்கு வரும். சிலருக்குக் கடைசி வரை நெற்றி சைனஸ் உருவாகாமலேயே போவதும் உண்டு.

இந்த அறைக்கு முன்சுவர், பின்சுவர் என இரண்டு எலும்புச் சுவர்கள். முன்சுவர் நாம் தொட்டுப் பார்க்கும் நெற்றி. அது தடிமனானது. பின்சுவர் மெல்லியது. அதற்குப் பின்னால் மூளையை மூடியிருக்கும் உறை, அப்புறம் மூளை. கீழ்ப்பக்கம் கண்குழி. சளி வடிவதற்கு மூக்குக்குள் இறங்கும் ஒரு குறுகலான பாதை. அந்தப் பாதை அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லை.

மூக்கில் இருந்த கிருமி எலும்புக்குள் எப்படிப் போகுது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நேர்வழி. தொற்று சைனஸ் சுவரை நேரடியாக அரித்துக்கொண்டு போவது.

இன்னொன்று, ரத்தக்குழாய் வழி. நெற்றி எலும்பு முழுக்கக் கெட்டியான கல் போன்றது அல்ல. இரண்டு கெட்டியான தகடுகள், நடுவில் பஞ்சு போன்ற ஒரு அடுக்கு என சாண்ட்விச் மாதிரி அமைப்பு. அந்த நடு அடுக்கில் ஓடும் சிறு சிரைகளுக்கு வால்வு கிடையாது. கை, கால் சிரைகளில் ரத்தம் திரும்பி ஓடாமல் தடுக்க வால்வு இருக்கும். இங்கே அது இல்லாததால் ரத்தம் எந்தப் பக்கமும் போகலாம். அதோடு சேர்ந்து தொற்றும் எலும்புக்கும் மூளை உறைக்கும் பயணிக்கலாம். எலும்பில் ஓட்டை விழாமலேயே தொற்று மறுபக்கம் போய்விடுவது இப்படித்தான்.

எலும்புக்குள் தொற்று புகுந்துவிட்டால் அதை மருத்துவர்கள் 'ஆஸ்டியோமைலிட்டிஸ்' என்கிறார்கள். எலும்பு உள்ளுக்குள் செத்துப்போக ஆரம்பிக்கும். செத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை ஏன் இவ்வளவு நீளமாகவும் கடினமாகவும் இருக்கிறது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

260 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த வீக்கம்

நெற்றி எலும்பில் தொற்று வந்தால் வெளியே தெரியும் முக்கியமான அடையாளம், நெற்றியில் மெத்தென்று ஒரு வீக்கம். அழுத்தினால் மாவு போல அமுங்கும். லண்டனில் உள்ள செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட் 1760-லேயே இதை விவரித்து எழுதினார். முதலில் தலையில் அடிபட்டவர்களுக்கு வருவதாகத்தான் குறிப்பிட்டார். பிறகு நெற்றி சைனஸ் தொற்றாலும் வரும் என்று தெரிந்தது. இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் இதன் பெயர் 'பாட்ஸ் பஃப்பி டியூமர்'. பெயரில் டியூமர் இருந்தாலும் இது புற்றுநோய் இல்லை. எலும்பின் மேலுறைக்கு அடியில் சீழ் கோத்து நிற்பதுதான் இந்த வீக்கம்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்த பிறகு இது அபூர்வமாகிவிட்டது. இப்போது வருவதும் பெரும்பாலும் பாக்டீரியாவால்தான். நெற்றி சைனஸ் வளரும் வயதில் இருக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கப்படுகிறது. பூஞ்சையால் வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

2021-க்குப் பிறகு இந்தியாவில் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது.

2021-ல் நடந்தது என்ன?

கொரோனா இரண்டாவது அலை நேரத்தில் 'கருப்பு பூஞ்சை' என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு ஒலித்தது ஞாபகம் இருக்கும். அதன் மருத்துவப் பெயர் மியூகோர்மைகோசிஸ். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அதாவது, எந்த மருத்துவமனையில் ஒரு நோயாளி வந்தாலும் அரசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்குப்படி, நாடு முழுவதும் 45,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டிருந்தனர். 4,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்திருந்தனர்.

ஏன் அந்த நேரத்தில் அப்படிக் குவிந்தது? பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தன.

• சர்க்கரை நோய்: கொரோனா தொற்றே பலருக்கு ரத்த சர்க்கரையை எகிற வைத்தது.

• ஸ்டீராய்டு: ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் காப்பாற்றுகிறது என்று 2020 ஜூன் மாதம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இங்கே பலர் தேவையில்லாமலும், அதிக அளவிலும், அதிக நாட்களும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு சக்தியை இறக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேணும்?

• ஏற்கெனவே இருந்த சுமை: கொரோனாவுக்கு முன்பே இந்தியாவில் இந்த நோய் உலகின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்தான் இங்கே அதற்கு முதல் காரணம்.

ஆனால் கதை அந்த அலையோடு முடியவில்லை. மூக்கு, கன்ன சைனஸில் அறுவை சிகிச்சை செய்து, மருந்து எடுத்து, "சரியாயிடுச்சு" என்று வீடு திரும்பிய சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து நெற்றியில் வீக்கம் வந்தது. சிலருக்கு நெற்றித் தோலில் துளை விழுந்து சீழ் வடிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நெற்றி எலும்பு அரித்திருந்தது. இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவமனைகளில் இருந்து மருத்துவ இதழ்களில் அடுத்தடுத்து கட்டுரைகள் வெளியாகின. அதுவரை புத்தகத்தில் மட்டும் படித்த ஒரு நோயைப் பல மருத்துவர்கள் நேரில் பார்த்த காலம் அது.

கருப்பு பூஞ்சை உண்மையிலேயே கருப்பா?

இல்லை. இந்தப் பூஞ்சையின் நிறம் கருப்பு அல்ல. இது ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் கிடைக்காமல் அந்த இடத்துத் திசு செத்துப் போகும். செத்த திசுதான் கருப்பாகத் தெரிகிறது.

அப்போ, வெங்காயத்தின் மேல் தோலில் இருக்கும் கருப்பு? 2021-ல் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி இது. அது வேறு வகைப் பூஞ்சை. அதற்கும் மியூகோர்மைகோசிஸுக்கும் சம்பந்தமில்லை. கழுவி, தோலை உரித்துவிட்டுச் சமைக்கலாம்.

சைனஸில் பூஞ்சைன்னாலே ஆபத்தா?

கண்டிப்பா இல்லை. பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. மண், குப்பை, அழுகும் இலை, ஈரமான சுவர் என எல்லா இடத்திலும் உண்டு. நாம் தினமும் அதை சுவாசிக்கிறோம். உடம்பு அதைச் சமாளித்துவிடுகிறது.

சைனஸில் பூஞ்சை தங்கினாலும் அதில் பல வகைகள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் 'ஃபங்கல்' என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் பதறாமல், இதில் எந்த வகை என்று கேளுங்கள்.

1. பூஞ்சைப் பந்து: சைனஸுக்குள் பூஞ்சை உருண்டையாகச் சேர்ந்து கிடக்கும். பெரும்பாலும் கன்ன சைனஸில். திசுவுக்குள் நுழையாது. எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிட்டால் பொதுவாக வேலை முடிந்தது. பூஞ்சை மருந்துகூட தேவைப்படாது.

2. அலர்ஜி வகை: பூஞ்சைக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. மூக்கில் சதை வளரும், சளி பிசின் போலக் கெட்டியாகும். அழுத்தத்தால் எலும்பு மெலியலாம், தள்ளப்படலாம். ஆனால் பூஞ்சை எலும்புக்குள் நுழைவதில்லை.

3. வேகமாக ஊடுருவும் வகை: மியூகோர்மைகோசிஸ் இதற்கு உதாரணம். நாட்கணக்கில் பரவும். இது எமர்ஜென்சி.

4. மெதுவாக ஊடுருவும் வகை: வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல எலும்பை அரிக்கும். இந்தியா, பாகிஸ்தான், சூடான், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் இதில் ஒரு வகை அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்ற பூஞ்சைதான் காரணம். இது நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் வரலாம். ஒரு பக்கக் கண் மெல்ல வெளியே துருத்திக்கொண்டு வருவதுதான் பலருக்கு முதல் அடையாளம்.

மூன்றும் நான்கும்தான் எலும்பைத் தாக்குபவை.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

• சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். குறிப்பாக, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் 'கீட்டோஅசிடோசிஸ்' நிலைக்குப் போனவர்கள்
• நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள்
• ரத்தப் புற்றுநோய், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள்
• உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
• ஏற்கெனவே மியூகோர்மைகோசிஸ் வந்து சிகிச்சை எடுத்தவர்கள்

சர்க்கரைக்கும் இந்தப் பூஞ்சைக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரை ஏறினால் கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும். ரத்தம் அமிலமானால், புரதங்களோடு கட்டுண்டு இருக்கும் இரும்புச்சத்து விடுபட்டு வெளியே வரும். மியூகோர் பூஞ்சை வளர இரும்பு வேணும். அதாவது, காவல்காரர் தூங்குகிறார், சாப்பாடும் திறந்து கிடக்கிறது.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் இணைந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். இவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் இந்தத் தொற்று வரும். ஆனால் பத்து கோடியில் 'மிகச் சிலர்' என்பதே பெரிய எண்ணிக்கைதான்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

சாதாரண சைனஸ் தொல்லை பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் குறைய ஆரம்பிக்கும். கீழே இருப்பவை அப்படி இல்லை.

• வாரக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே பக்கம் நிற்கும் நெற்றி வலி. மாத்திரை போட்டால் குறைந்து, திரும்பத் திரும்ப வருவது
• நெற்றியில் மெத்தென்ற வீக்கம், அல்லது ஆறாத துளை, அதில் சீழ்
• ஒரு பக்கக் கன்னம், மூக்கு மரத்துப்போவது
• மூக்கில் இருந்து ரத்தம் கலந்த அல்லது கருப்பான சளி
• மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு, காரணமில்லாமல் மேல்பற்கள் ஆடுவது
• கண் வீக்கம், கண் துருத்துவது, இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது
• கடும் தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு

கடைசி இரண்டும் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகணும். சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பட்டியலில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. காய்ச்சல் இல்லையே என்று ஏமாற வேண்டாம். மெதுவாகப் பரவும் எலும்புத் தொற்றில் காய்ச்சலே இல்லாமலும் போகலாம்.

காது வழியாகவும் வருமா?

வரும். மண்டை ஓட்டின் அடிப்பகுதி எலும்புக்குத் தொற்று போகும் இன்னொரு பாதை காது. வயதான சர்க்கரை நோயாளிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். பெரும்பாலும் 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியாதான் காரணம். சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை காரணமாக இருக்கும்.

இதன் அடையாளம், ராத்திரியில் தூங்கவிடாத காது வலி. சொட்டு மருந்து விட்டும் குறையாது. காதில் நீர் வடியும். முற்றினால் ஒரு பக்க வாய் கோணும், குரல் மாறும், விழுங்கச் சிரமமாகும். "பக்கவாதம் வந்துடுச்சு" என்று பயந்து வந்த பிறகு, காரணம் காதில் இருப்பது தெரியவரும் நோயாளிகளும் உண்டு. வீட்டில் தாத்தா, பாட்டிக்கு சர்க்கரை இருந்து வாரக்கணக்கில் காது வலி என்றால், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எப்படி உறுதி செய்வார்கள்?

ரத்தப் பரிசோதனை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது. பொதுவாக இந்த வரிசையில் நடக்கும்.

எண்டோஸ்கோப்பி: மூக்குக்குள் மெல்லிய கேமரா விட்டு, கருப்பான அல்லது வெளிறிய திசு இருக்கிறதா என்று பார்ப்பது.

ஸ்கேன்: எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று சி.டி. காட்டும். எலும்பின் உள்அடுக்கு, கண், மூளை உறை, மூளை வரை போயிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். "ஏன் ரெண்டு ஸ்கேன்? காசு பிடுங்கவா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோயில் இரண்டுக்கும் வேலை வேறு வேறு.

பயாப்ஸி: சந்தேகமான திசுவிலும் எலும்பிலும் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. இதுதான் முடிவைச் சொல்லும். ஒரு பகுதியை ஒரு ரசாயனத்தில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை இழை இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இன்னொரு பகுதியை லேபில் வளர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பூஞ்சை என்று தெரியும். அதற்கு நாட்கள் ஆகும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். பயாப்ஸி துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு பகுதியைத் தனியாக சலைனில் அனுப்புவார்கள். "கல்ச்சருக்கும் அனுப்பியிருக்கீங்களா டாக்டர்?" என்று நோயாளியின் குடும்பம் கேட்பதில் தப்பே இல்லை.

பூஞ்சை எதுன்னு தெரிந்து என்ன ஆகப்போகுது?

மருந்தே மாறும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது வோரிகோனசோல். அதே மருந்து மியூகோர் பூஞ்சையிடம் வேலை செய்யாது. மியூகோருக்கு ஆம்ஃபோடெரிசின்-பி ஊசி, அதன் பிறகு போசகோனசோல் அல்லது ஐசவுகோனசோல். தோல் படைக்குப் பலரும் எடுக்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு இந்த இரண்டுமே அடங்காது. "பூஞ்சைக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது இங்கே நேர விரயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இதில் பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் தனியாகத் தேவைப்படும்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கணும்.

ஒன்று, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. முடிந்தால் ஸ்டீராய்டைக் குறைப்பது. இதை மருத்துவர்தான் செய்யணும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை நாமே பட்டென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்தில் முடியும்.

இரண்டு, அறுவை சிகிச்சை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து போகாது என்று பார்த்தோம் இல்லையா? அதனால் செத்த எலும்பையும் திசுவையும் எடுத்தே ஆகணும். சைனஸின் கீழ்ப்பகுதி என்றால் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பியில் முடிக்கலாம். நெற்றி எலும்பு பரவலாக அரித்திருந்தால் ஒரு காதில் இருந்து மறு காது வரை, உச்சந்தலை முடிக்குள் கோடு போலக் கீறி, நெற்றித் தோலை முன்னால் இறக்கி எலும்பை எடுப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும் என்பதற்காகத்தான் இந்த முறை. காது மூக்கு தொண்டை மருத்துவரோடு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து செய்வது வழக்கம்.

எடுத்த இடம் பள்ளமாகத் தெரியுமே? தெரியும். தொற்று முழுசாகப் போய்விட்டது என்று உறுதியான பிறகு, டைட்டானியம் தகடு அல்லது எலும்பு சிமென்ட் வைத்து நெற்றியை மறுபடி வடிவமைப்பார்கள். தொற்று இருக்கும்போதே அவசரப்பட்டு வைத்தால் அந்தத் தகடே கிருமி தங்கும் இடமாகிவிடலாம்.

மூன்று, பூஞ்சை மருந்து. ஆம்ஃபோடெரிசின் 1950-களில் வெனிசுவேலாவின் ஒரினோக்கோ நதிப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று வரை முக்கியமான ஆயுதம். ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுக்கிறார்கள். 'லிப்போசோமல்' வகை சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் இதமானது, ஆனால் விலை அதிகம். 2021-ல் இதற்குத்தான் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த மருந்துக்கான வரியையே எடுத்தது.

எத்தனை நாள் மருந்து? இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்

எலும்புத் தொற்றுக்கு மருந்துக் கணக்கு நாட்களில் இல்லை, மாதங்களில். ஊசி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை பல மாதங்கள் தொடரும்.

ஆனால் வலி அதற்கு முன்பே போய்விடும். வீக்கம் வடிந்துவிடும். மாத்திரை விலையோ அதிகம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னும்?" என்று தோன்றும். எலும்புக்குள் ஒரு ஓரத்தில் மிச்சம் இருக்கும் பூஞ்சைக்கு அந்த இடைவெளி போதும். வலி போனதும் நோய் போனதும் ஒன்றல்ல. ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

செலவுதான் பிரச்னை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர முடியுமா, காப்பீட்டில் வருமா என்று கேளுங்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

தடுக்க என்ன செய்யலாம்?

• சர்க்கரை அளவைத் தொடர்ந்து பாருங்கள். சளி, காய்ச்சல் நாட்களில் இன்னும் கவனமாக. உடம்பு சரியில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.
• மருத்துவர் எழுதாத ஸ்டீராய்டு வேண்டாம். போன முறை எழுதிய சீட்டைக் காட்டி இந்த முறை வாங்குவதும் அதேதான்.
• எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் தோட்ட மண், குப்பை, இடிபாட்டுத் தூசியில் வேலை செய்யும்போது மாஸ்க் போடுங்கள்.
• ஒருமுறை இந்தத் தொற்று வந்து குணமானவர்கள் செக்கப்பைத் தவறவிட வேண்டாம். புதிதாக நெற்றி வலி, வீக்கம் வந்தால், பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?
தொற்றாது. நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஆவி பிடித்தால் பூஞ்சை செத்துடுமா?
ஆவி மூக்கடைப்புக்குக் கொஞ்சம் இதம் தரலாம். திசுவுக்குள், எலும்புக்குள் இருக்கும் பூஞ்சையை அது தொடக்கூட முடியாது. அதை நம்பி நாட்களைக் கடத்துவதுதான் நஷ்டம்.

எனக்கு வருஷக்கணக்கா சைனஸ் இருக்கு. எனக்கும் வருமா?
பல வருஷமாக அலர்ஜி, மூக்கடைப்பு இருப்பதால் மட்டும் இது வந்துவிடாது. ஆனால் வழக்கமாக வரும் வலியில் இருந்து இது வேறு மாதிரி இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

குணப்படுத்த முடியுமா?
முடியும். எலும்போடு நிற்கும்போதே பிடித்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. மூளைக்குப் போன பிறகு கஷ்டம். வித்தியாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல்முறையாக, உலகம் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேடஸ், மியூகோர் வகை இரண்டும் இருக்கின்றன. பாக்டீரியா, வைரஸ் அளவுக்குப் பூஞ்சையைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பதுதான் அந்தப் பட்டியலுக்கே காரணம்.

எனவே, வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் மூன்றாவது வாரமும் "நெற்றி வலிக்குது" என்றால், அடுத்த தலைவலி மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் அவரது நெற்றியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வீக்கம் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா, கன்னம் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)